கொடியிலிருந்து நரம்பு வருமா?

குழந்தை பிறந்து அழுததும் நர்ஸின் கண் அடுத்து நஞ்சுக்கொடிக்குத்தான் போகும். முழுசாக வந்துவிட்டதா, ஒரு துண்டாவது உள்ளே தங்கிவிட்டதா என்று தட்டில் பரப்பிப் பார்க்காமல் விடமாட்டார்கள். தங்கிவிட்டால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காது. பார்த்து முடித்ததும் அது மஞ்சள் பைக்குள் போய்விடும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் மனிதத் திசுக்களுக்கு ஒதுக்கிய நிறம் மஞ்சள். அந்தப் பை அங்கிருந்து எரியூட்டப் போகும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். நானும் அங்கேதான் பிறந்தேன். சுமார் அரைக் கிலோ எடையுள்ள நஞ்சும், அரை மீட்டர் நீளமுள்ள கொடியும் ஒவ்வொரு பிரசவத்திலும் வந்து, சில நிமிடங்களில் கழிவாகிவிடுகின்றன.

அந்தக் கொடியை வைத்து வேலை செய்தவள் நான். இப்போது கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் சொல்லித்தருகிறேன். அதற்கு முன் சில வருஷம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் இருந்தேன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பெண் ஆஸ்பத்திரிக் கழிவில் கைவைக்கிறாள் என்று அம்மாவுக்கு வெகுநாள் வருத்தம். அந்தக் கழிவில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன். ஏனென்றால் "தொப்புள்கொடியில இருந்து நரம்பு செய்றாங்களாமே, நெசமா டீச்சர்?" என்ற கேள்வி இப்போது எண்ணூர் வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. சொல்கிறவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

கொடி ஐஸ் பெட்டியில், கிருமிநாசினி கலந்த உப்புக் கரைசலில் வரும். ஒரு நாளுக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கண்ணாடித் தட்டில் வைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால், வெட்டுமுகத்தில் மூன்று ஓட்டைகள் தெரியும். தடித்த சுவருள்ள சின்ன ஓட்டை இரண்டு: குழந்தையிடமிருந்து அசுத்த ரத்தத்தை நஞ்சுக்குக் கொண்டுபோகும் தமனிகள். அகலமானது ஒன்று: நல்ல ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவரும் சிரை. இவற்றைச் சுற்றி வெள்ளையாக, வழுவழுவென்று, விரலில் ஒட்டிக்கொண்டு விடாத ஒரு கூழ். குழந்தை கருப்பையில் எத்தனை குட்டிக்கரணம் போட்டாலும் கொடி மடிந்து ரத்தம் அடைபடாமல் காப்பது இந்தக் கூழ்தான். தாமஸ் வார்ட்டன் என்ற லண்டன் மருத்துவர் 1656-ல் சுரப்பிகளைப் பற்றி எழுதிய நூலில் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே இன்றும் வார்ட்டன் ஜெல்லி என்கிறோம்.

இடுக்கியால் மூன்று குழாய்களையும் உருவி எடுத்துவிட்டு, மிச்சக் கூழை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்குகளாக்கிப் பிளாஸ்டிக் தட்டில் பரப்புவோம். மேலே ஊட்டக் கரைசல். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கரியமில வாயு. முதல் சில நாட்கள் தட்டை ஆட்டக்கூடாது. துணுக்குகள் தட்டில் ஒட்ட வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துணுக்கின் ஓரத்திலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வந்திருக்கும். நடுவில் பருத்து இரு முனையும் கூர்த்த நீள உருவம். தட்டு நிறைய நிறைய எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து, அலை அலையாக நிற்கும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. பிரித்து இன்னொரு தட்டில் போட்டால் அங்கேயும் பெருகும். எலும்புச் செல்லாகவும், குருத்தெலும்பாகவும், கொழுப்பாகவும் மாற்றலாம். 2006-ல் சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் இந்த வகை ஸ்டெம் செல்லுக்கு வகுத்த இலக்கணத்தில், பிளாஸ்டிக்கில் ஒட்டுவது ஒரு விதி, மேற்பரப்பில் சில குறிப்பிட்ட புரதங்கள் இருப்பது ஒரு விதி, இந்த மூன்றாகவும் மாறுவது ஒரு விதி. கருவை அழித்து எடுக்கும் செல் அல்ல என்பதால் அறச்சிக்கலும் கிடையாது. தாயைக் கூடுதலாகக் குத்தவோ அறுக்கவோ தேவையில்லை.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிற நம் ஸ்டான்லி மருத்துவமனையில் செய்திருக்கிறார்கள். எங்கள் பாட்டி காலத்தில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றால்தான் தெரியும். அங்கே குடல், கல்லீரல் அறுவைச் சிகிச்சை நிலையத்தில் இருந்த ஆய்வாளர்கள் எலும்பு மஜ்ஜை, உடல் கொழுப்பு, தொப்புள்கொடி ரத்தம், கொடியின் கூழ் என நான்கு இடத்திலிருந்தும் இந்தச் செல்களைப் பிரித்து வளர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 2015-ல் சைட்டோடெக்னாலஜி என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரி, ஏழை பாழைகள் வரிசையில் நிற்கிற இடம், அங்கிருந்து இப்படி ஒரு வேலை வந்தது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன்.

எலும்பு, கொழுப்பு சரி. நரம்பு எங்கிருந்து வந்தது?

கரு உருவான மூன்றாவது வாரத்தில் செல்கள் மூன்று அடுக்காகப் பிரிந்துவிடும். மேல் அடுக்கிலிருந்து தோலும் மூளையும் நரம்பும். நடு அடுக்கிலிருந்து எலும்பு, தசை, ரத்தம். கீழ் அடுக்கிலிருந்து குடல், ஈரல், நுரையீரல். கொடியின் கூழ் நடு அடுக்கைச் சேர்ந்தது. நடு அடுக்குச் செல் மேல் அடுக்கின் வேலைக்குப் போகாது என்பதுதான் நாங்கள் படித்த பாடம். 2000-ஆம் ஆண்டில் அந்தப் பாடம் ஆட்டம் கண்டது. வுட்பரி, பிளாக் முதலானோர் அடங்கிய அமெரிக்கக் குழு, எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களைச் சில ரசாயனங்களில் வைத்தால் சில மணி நேரத்தில் நரம்புச் செல்களாகின்றன என்று அறிவித்தது. 2003-ல் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகக் குழு வார்ட்டன் ஜெல்லியின் செல்களிலும் அதையே காட்டியது. முதுகுத்தண்டு முறிந்தவர், பக்கவாதம் வந்தவர், பார்க்கின்சன் நோயாளி எல்லோருக்கும் குப்பைக்குப் போகும் கொடியிலிருந்து நரம்பு என்றால், யாருக்குத்தான் மனசு துள்ளாது?

அந்தச் செய்முறையை நானும் செய்தேன். பீட்டா மெர்காப்டோ எத்தனால் என்று ஒரு திரவம். மூடியைத் திறந்தாலே அழுகிய முட்டை நாற்றம். மணலிக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த எனக்கே குமட்டியது. அதையும், டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானையும், இன்னும் ஒன்றிரண்டையும் அளவாகக் கலந்து, சத்துக் குறைத்த கரைசலில் செல்களை வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் வைத்தேன். மூன்று மணிக்குப் பார்த்தால் தட்டே வேறாகியிருந்தது. நீண்டு கிடந்த செல்கள் உருண்டு சுருங்கி, பளபளக்கும் ஒரு புள்ளியாகி, அதிலிருந்து மெல்லிய இழைகள் நாலாபக்கமும் நீண்டிருந்தன. சில இழைகள் பக்கத்துச் செல்லின் இழையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் நியூரான் படம் அச்சு அசலாக. நரம்புச் செல்களில் காணப்படும் புரதங்களைக் கண்டுபிடிக்கும் சாயத்தைப் போட்டால் அதிலும் பச்சையாக ஒளிர்ந்தன. கூடத்தில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூத்த ஆய்வாளர் மட்டும் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில மறுபடி பாரும்மா" என்றார்.

மறுநாள் பாதிக்கு மேல் செத்து மிதந்தன. மிச்சத்தைப் பழைய ஊட்டக் கரைசலுக்கு மாற்றியதும் இழைகளை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி பழைய நீள உருவத்துக்கே திரும்பிவிட்டன.

இதன் காரணத்தை 2004-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து சொல்லியிருந்தது மூத்தவருக்குத் தெரியும். கலிஃபோர்னியாவில் டுஷின்ஸ்கியின் ஆய்வகம் செய்தது எளிமையான சோதனை. நரம்பாக்கும் ரசாயனத்துக்குப் பதிலாகச் செல்கள் மேல் சோப்பு வகைக் கரைசலை ஊற்றினார்கள். அடர்ந்த உப்புக் கரைசலை ஊற்றினார்கள். அமிலத்தை ஏற்றினார்கள், காரத்தை ஏற்றினார்கள். எல்லாவற்றிலும் அதே உருவம் வந்தது! நரம்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தோல் செல்கள்கூட அந்த ரசாயனத்தில் அப்படியே சுருங்கி இழை விட்டன. செல் புதிதாகப் புரதம் தயாரிக்கவே முடியாதபடி மருந்து கொடுத்துத் தடுத்தபோதும் உருவம் மாறியது. புதுப் புரதம் ஒன்றுகூடத் தயாரிக்காமல் ஒரு செல் நரம்பாகிவிட முடியாது. நியூஹூபரின் குழு, செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற தாங்கு இழைகள் நொறுங்குவதுதான் இந்தத் தோற்றத்துக்குக் காரணம் என்று காட்டியது. கல்யாணப் பந்தலின் கால்களைப் பிடுங்கினால் துணி நடுவில் சரிந்து, கயிறு கட்டிய மூலைகள் மட்டும் இழுத்தபடி நிற்குமே, அது போல. செல் தட்டில் ஒட்டியிருந்த இடங்கள் அப்படியே நிற்க, மற்ற உடம்பு சுருங்கிவிட்டது. வெளியே புதிதாக எதுவும் நீளவில்லை. நாங்கள் நரம்பு இழை என்று பார்த்துப் பூரித்தது சுருங்கிய செல் விட்டுப்போன வால்.

சாயமும் கைவிட்டது. செல் அடிபட்டுச் சுருங்கும்போது சில நரம்புப் புரதச் சாயங்கள் பொய்யாக ஒளிரும். போதாக்குறைக்கு, இந்த ஸ்டெம் செல்களில் நரம்புக்குரிய சில புரதங்கள் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் இருக்கின்றன. ஆக, உருவத்தை வைத்தும் சொல்ல முடியாது, ஒன்றிரண்டு சாயத்தை வைத்தும் சொல்ல முடியாது.

அப்படியானால் நரம்பு என்று எப்போது ஒத்துக்கொள்வது? நரம்பின் வேலையைச் செய்யும்போது. அதன் வேலை மின்சாரம். சும்மா இருக்கும் நியூரானின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டினால் சோடியம் வாயில்கள் திறந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் அது தலைகீழாகித் துடித்து மறுபடி அடங்கும். அந்தத் துடிப்பு இழையின் கடைசி வரை ஓடி, அங்கே ரசாயனத்தைக் கக்கி, அடுத்த செல்லை எழுப்ப வேண்டும். இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. நுனி ஒரு மைக்ரான் அளவே உள்ள கண்ணாடிக் குழலை ஒற்றைச் செல்லின் தோலில் வைத்து உறிஞ்சி ஒட்டிக்கொண்டு, உள்ளே ஓடும் மின்னோட்டத்தைப் படிப்பது. இதைக் கண்டுபிடித்த நேஹரும் சாக்மனும் 1991-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ரசாயனத்தில் சுருங்கிய செல்கள் இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை.

அதோடு ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. மணிக்கணக்கில் மாற்றும் அவசரம் போய், நாட்கணக்கில், வாரக்கணக்கில் மாற்றும் முறைகள் வந்தன. கரு வளரும்போது இயற்கை என்னென்ன சமிக்ஞைப் புரதங்களை எந்த வரிசையில் அனுப்புகிறதோ, அதே வரிசையில் கொடுப்பது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்திராணி தத்தாவின் குழு 2011-ல் சைட்டோதெரபி இதழில் எழுதியது இந்த வகை. பார்க்கின்சன் நோயில் அழிவது டோபமைன் சுரக்கும் நியூரான்கள். வார்ட்டன் ஜெல்லியின் செல்களும் எலும்பு மஜ்ஜையின் செல்களும் அந்த வகையை நோக்கி எவ்வளவு தூரம் போகின்றன என்று அவர்கள் ஒப்பிட்டார்கள். நேர்மையான வேலை. இந்தத் துறையில் நேர்மையாக எழுதுகிறவர்கள் எல்லோரும் 'நரம்பு போன்ற செல்' என்றுதான் தலைப்பிடுகிறார்கள். கொடியின் கூழ், அதன் மரபணுவைத் திருத்தாமல், வெளிச் சமிக்ஞை மட்டும் கொடுத்து, மூளையில் போய் முதிர்ந்த நியூரானாக வேலை பார்த்தது என்று நம்பும்படி இதுவரை நிறுவப்படவில்லை என்பதே என் வாசிப்பு.

உண்மையான நியூரான் வேண்டுமென்றால் வேறு பாதை திறந்திருக்கிறது. ஜப்பானின் யமனாகா 2006-ல் எலியின் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருநிலைக்கே திருப்பினார், அடுத்த ஆண்டே மனிதச் செல்லில் செய்தார், 2012-ல் நோபல். அப்படித் திருப்பிய செல்லிலிருந்து துடிக்கிற நியூரானைச் செய்ய முடிகிறது. கியோட்டோவில் 2018-ல் தொடங்கிய பார்க்கின்சன் பரிசோதனையில் ஏழு நோயாளிகளின் மூளையில் இப்படிச் செய்த செல்களை வைத்து, முடிவை 2025-ல் வெளியிட்டார்கள். ஏழே பேர், ஏழு ஆண்டு. நரம்பு விஷயத்தில் ஒழுங்காக நடக்கும் வேலையின் வேகம் அதுதான்.

எங்கள் தெரு அக்கா ஒருத்தர் போன வருஷம் ஒரு வண்ணக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டுக்காரர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். மூத்த பையன் பிறந்ததும் அழவில்லை, மூளை வாதம். ஏழு வயசாகியும் பிடிக்காமல் நிற்கமாட்டான். அக்காவைப் பார்த்தால் கையைத் தட்டிச் சிரிப்பான். காகிதத்தில் கறுப்புப் பின்னணியில் நட்சத்திரம் மாதிரி பச்சைச் செல் ஒன்று ஒளிர்ந்தது.

"டீச்சரு, இது நரம்புதானே?"

"பாக்கறதுக்கு நரம்பு மாதிரி இருக்குது அக்கா."

"புள்ள ஒடம்புல ஏத்துனா உள்ள போயி நரம்பாவும்னு சொன்னாங்க. மூணு ஊசி. வளையல சேட்டு கடையில வெச்சாச்சு, இன்னும் கொஞ்சம் பெரட்டணும். அவரு முதலாளிகிட்ட அட்வான்ஸ் கேட்டுருக்காரு."

எனக்குத் தொண்டை அடைத்தது. ஊசி கையில் போடும் ஊசி. ரத்தக்குழாய் வழியே ஏற்றும் இந்தச் செல்களில் பெரும்பங்கு முதலில் நுரையீரலின் மயிரிழைக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். செல்லின் பருமன் அந்தக் குழாயின் துவாரத்தைவிடப் பெரிது. மூளைக்குப் போவதற்கே வழியில்லாதது அங்கே நரம்பாக மாறுவது எப்படி? அக்காவிடம் இதைப் படம் வரைந்து காட்டினேன். பிறகு அவர் கையாலேயே அந்த இடத்துக்குப் போன் போடச் சொல்லி, இரண்டு கேள்விகள் கேட்கச் சொன்னேன். இது பரிசோதனை என்றால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இதன் எண் என்ன? பரிசோதனை என்றால் நோயாளியிடம் எதற்குப் பணம்?

"அதெல்லாம் ரிசர்ச்சுக்கும்மா. நாங்க பண்றது ட்ரீட்மென்ட்" என்று எதிர்முனையில் பதில் வந்தது.

அந்தப் பதிலிலேயே எல்லாம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் நெறிமுறைகள் தெளிவாக இருக்கின்றன. ரத்தம் சார்ந்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுவது போன்ற நிலைநாட்டப்பட்ட சிகிச்சை ஒருபக்கம். மற்ற நோய்க்கெல்லாம் ஸ்டெம் செல் கொடுப்பது ஆராய்ச்சி மட்டுமே. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியோடு, பதிவு செய்த பரிசோதனையாகத்தான் செய்யலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரைக் குறிவைத்து இதே வியாபாரம் நடந்தபோது, தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்கநெறி வாரியம் 2022 டிசம்பரில் அதைப் பரிந்துரைக்க முடியாது என்றும், கொடுப்பது தொழில் ஒழுக்க மீறல் என்றும் சொன்னது. சட்டம் பேப்பரில் இருக்கிறது. அக்கா கைக்கு வந்து சேர்ந்தது வண்ணக் காகிதம்தான். இது எனக்கு ஆறாத கோபம்.

வளையலை அக்கா மீட்டுவிட்டார். பையனுக்கு இப்போது பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும். பல குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது, நகரத்தின் மறுகோடியில். திருவொற்றியூரிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். வடக்கே இருப்பவர்களுக்கு அனல்மின் நிலையமும் உரத் தொழிற்சாலையும் பக்கத்தில் வந்தன, இப்படி ஒரு நிறுவனம் வரவில்லை. அக்காவைப் போல நாலு தாய்மார் சேர்ந்து ஒரு ஷேர் வேனில் போகிறார்கள்.

இதையெல்லாம் சொன்னதும், அப்படியானால் கொடி வெறும் குப்பைதானா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். இல்லவே இல்லை. கொடியிடம் நரம்பாக வரச் சொல்வது தப்பான வேலை; நரம்புக்கு உதவி செய்யச் சொன்னால் அது செய்யும் போலத் தெரிகிறது. இங்கேதான் வடசென்னையின் கதை உள்ளே வருகிறது.

பிரஸ்ஸில் கை மாட்டியது, இரும்புத் தகடு கிழித்தது, விசைப்படகின் வின்ச்சில் கயிறு இழுத்தது என்று கை போகும் விபத்து எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அவர்களுக்காகவே ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி கைக்கென்று தனி அறுவைச் சிகிச்சைத் துறையைக் கட்டியெழுப்பினார். நாடு முழுக்க அறியப்பட்ட துறை அது. 2018-ல் அங்கே இரு கைகளையும் மாற்றும் அறுவைச் சிகிச்சைகூட நடந்தது. கையில் அறுந்த நரம்பைத் தைக்க முடியும். ஏனென்றால் மூளை, தண்டுவட நரம்பைப் போலல்லாமல், கை கால் நரம்பு மறுபடி வளரும். வேகம் நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முழங்கையில் அறுந்தால் விரல் நுனிக்கு உணர்வு வந்துசேர ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகலாம். அறுந்த இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமென்றால் காலிலிருந்து முக்கியமில்லாத ஒரு நரம்பை எடுத்து இணைப்பார்கள். எடுத்த இடம் மரத்துப்போகும்.

வளரும் நரம்புக்கு வழிகாட்டுபவை ஷ்வான் செல்கள். நரம்பிழையைச் சுற்றி உறை போடுவதும், அறுந்த இடத்தில் குப்பையை அள்ளுவதும், புது இழை ஊர்ந்துபோகத் தடம் போடுவதும் இவற்றின் வேலை. இவை மின்சாரம் பாய்ச்ச வேண்டியதில்லை. ஜப்பானில் தெசாவாவின் குழு 2010-ல் மனிதத் தொப்புள்கொடியின் செல்களைப் படிப்படியாக ஷ்வான் போன்ற செல்களாக மாற்றி, எலிகளின் அறுந்த கால் நரம்பு இடைவெளியில் வைத்துப் பார்த்தது. நரம்பிழை அதன் வழியே வளர்ந்தது. அந்தச் செல்கள் உறையும் போட்டன. 'போல' இருப்பது என்ற குற்றச்சாட்டு இங்கே அவ்வளவாக எடுபடாது, ஏனென்றால் இவர்கள் உருவத்தைக் காட்டிவிட்டு நிற்கவில்லை; வேலையைக் காட்டினார்கள். எலியிலிருந்து மனிதனுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. இருந்தாலும் என்னைக் கேட்டால், கொடி ஆராய்ச்சியில் நம் பணமும் பிள்ளைகளின் உழைப்பும் போக வேண்டிய திசை இதுதான். மூளையில் நியூரானாக்கும் கனவைவிட, காசிமேட்டு வலைக்காரரின் மரத்த விரலுக்கு உணர்வு வரவைப்பது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இன்னொரு உதவியும் உண்டு. கொடியின் செல்கள் தாமே மாறாவிட்டாலும், பக்கத்தில் இருக்கும் செல் சாகாமல் இருக்கவும், வீக்கம் தணியவும் உதவும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. இந்த வகைச் செல்லுக்கு 1991-ல் ஸ்டெம் செல் என்று பெயரிட்ட ஆர்னால்ட் கேப்லனே, 2017-ல் அந்தப் பெயரை மாற்றிவிடுங்கள், இவை உறுப்பாக மாறுவதைவிட மருந்து சுரக்கும் வேலையைத்தான் செய்கின்றன என்று எழுதினார். பெங்களூரு நிறுவனம் ஒன்று எலும்பு மஜ்ஜையின் இதே வகைச் செல்லை மருந்தாக்கி, காலில் ரத்த ஓட்டம் அடைபடும் நோய்க்கும் பிறகு முழங்கால் தேய்மானத்துக்கும் முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறது. நரம்பு நோய்க்கு அப்படி அனுமதி பெற்ற மருந்து எதுவும் நம் நாட்டில் இல்லை.

கர்ப்பிணிகளிடம் கொடியைச் சேமித்து வைக்கச் சொல்லி வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடி ரத்தம் வேறு, கொடியின் கூழ் வேறு. கொடி ரத்தத்தில் ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன; 1988-ல் பாரிஸில் எலியான் குளூக்மன் ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி ரத்தத்தைச் செலுத்திப் பிழைக்க வைத்தார். அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. பொது வங்கியில் யாருக்கும் பயன்படும்படி கொடுத்தால் அது பெரிய தானம். கூழையும் நஞ்சையும் காசுக்குச் சேமித்துவைக்க 2017 நெறிமுறைகள் அனுமதி தரவில்லை. பிற்காலத்தில் பக்கவாதம் வந்தால் இதிலிருந்து நரம்பு செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன பச்சைச் செல்லை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் உதிர்ந்த கொடியை வெள்ளித் தாயத்தில் போட்டு அரைஞாணில் கட்டுகிற பாசத்தை, கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பயன்படுத்த விடக்கூடாது.

ஆராய்ச்சிக்குக் கொடி வேண்டும். அது எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். தரத் தாய்மார் தயார் என்பது என் அனுபவம். கேட்கும் விதம்தான் சரியில்லை. இடுப்பு வலியில் துடிக்கும் பெண்ணிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டிக் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. ஏழாம் மாதச் செக்கப்புக்கு வரும்போதே, தமிழில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் கேட்கலாம்: உங்கள் கொடியை வழக்கம்போல எரித்துவிடலாமா, அல்லது நரம்பு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா, மாட்டேன் என்றால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது, அதிலிருந்து உங்கள் குழந்தைக்கு மருந்து எதுவும் கிடைக்காது, உங்கள் பெயர் வெளியே போகாது. கை அறுவைச் சிகிச்சைத் துறையும், செல் வளர்த்துப் பழகிய ஆய்வுக்கூடமும் பழைய ஜெயில் ரோட்டில். நாள்தோறும் பிரசவம் நடக்கும் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ராயபுரத்தில். இரண்டும் ஒரே மருத்துவக் கல்லூரியோடு இணைந்தவை. அந்தப் படிவத்தின் முதல் வரைவை எங்கள் இறுதியாண்டுப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அதைத் தெரு அக்காவிடம் வாசித்துக் காட்டினோம். 'மருந்து எதுவும் கிடைக்காது' என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். போட்டிருக்கிறோம்.